புளி வாங்கும் மாதம் இது: வாசகர் கேள்வி – பதில்

தை பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. வருடச் சாமான் வாங்கி வைப்பது, அதைக் கெடாமல் காப்பது, மாடியில் நாலு தொட்டி வைப்பது. எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இது, அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: நாங்கள் நாலு பேர். மாமியார் இருந்தவரை மாசி, பங்குனியிலேயே வருடத்துக்கான புளி, மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் வாங்கி வைத்துவிடுவார். அவர் போன பிறகு இரண்டு வருடமாக மாதாமாதம் பாக்கெட்தான். மறுபடி ஆரம்பிக்க ஆசை. எதை எப்போது, எவ்வளவு வாங்குவது?
– வாசகி, நாமக்கல்

பதில்: எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் ஆரம்பிக்காதீர்கள். இந்த வருடம் புளியும் மிளகாயும் போதும். மற்றதற்கு ஒரு நோட்டுப் போட்டு, வீட்டில் மாதம் எவ்வளவு செலவாகிறது என்று எழுதி வாருங்கள், ஏனென்றால் அளவு வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டிலும் நாலு பேர்தான். புளி மாதம் அரைக் கிலோ ஆகிறது, ஆக வருடத்துக்கு ஆறு கிலோ. தினம் ரசமும் புளிக்குழம்பும் வைக்கிற வீட்டில் எட்டுக் கிலோ போனாலும் ஆச்சரியமில்லை.

புளி மரத்திலிருந்து உலுக்கி வருவது மாசியில் தொடங்கி சித்திரை வரை. ஓட்டோடு வாங்கினால் மலிவுதான், ஆனால் ஓடு, நார், கொட்டை எல்லாம் போக பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் புளியாகத் தேறும், அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு விலை கேளுங்கள். கொட்டை எடுத்த புளியை ஒரு நாள் வெயில் காட்டி, ஆறவிட்டு, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல் உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு நன்றாக அமுக்கி வாயைக் கட்டி வைத்தால் இரண்டு வருடம்கூட இருக்கும். நிறம் மட்டும் கறுக்கும், அது கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை. அலுமினியம், பித்தளை, இரும்பு எதிலும் வைக்காதீர்கள், புளியின் அமிலம் உலோகத்தை அரித்துவிடும்.

மிளகாயும் இதே பருவம்தான். குண்டு மிளகாய் என்றால் ராமநாதபுரம் பக்கத்துச் சரக்கு, 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. நிறமும் வாசனையும் நன்றாக இருக்கும். நீள மிளகாயோடு கலந்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது ஒரு கை அள்ளி உலுக்கிப் பாருங்கள், உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் காம்பைக் கிள்ளாமல் இரண்டு நாள் வெயிலில் போட்டு, ஆறின பிறகு மூடி வையுங்கள். ஈர மிளகாயில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம், அது வறுத்தாலும் அரைத்தாலும் முழுதாகப் போகாது. அதனால் உள்ளே சாம்பல் பூத்த மிளகாயைத் தட்டித் துடைத்துச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள். நிலக்கடலைக்கும் இதேதான்.

அடுத்த வருடத்துக்குச் சொல்லி வைக்கிறேன்: மல்லி மானாவாரிக் காடுகளிலிருந்து தை கடைசியில் வரத் தொடங்கும். துவரை தை, மாசி. விரலி மஞ்சள் ஈரோட்டுச் சந்தைக்குப் புதிதாக வருவது மாசிக்குப் பிறகு. உளுந்துக்குப் பங்குனி, சித்திரை வரை பொறுங்கள். டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற நெற்பயிருக்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள், நெல்லை அறுத்த பிறகு மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்து வரும். தண்ணீர் பாய்ச்சாமல் வந்த அந்தத் தரிசு உளுந்தை ஆட்டினால் மாவு பொங்கி வருவதைப் பாருங்கள், அப்புறம் வேறு உளுந்தை வீட்டுக்குள் விடமாட்டீர்கள்.

அரிசி மட்டும் வருடத்துக்கு வாங்க வேண்டாம் என்பேன். நெல்லாக வைத்து அரைத்துக்கொள்ள வசதி இருந்தால் சரி. அரிசியாக வைத்தால் மூன்று மாதத்துக்கு மேல் காவல் காக்க வேண்டியிருக்கும். வாங்கும்போது பழைய அரிசியா என்று கேட்டு வாங்குங்கள், புது அரிசி குழைந்துவிடும்.

கேள்வி: அரிசி, பச்சைப்பயறு எதை வாங்கினாலும் ஒன்றரை மாதத்தில் வண்டு. வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டில் ஏதோ மாத்திரை வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: முதலில் மாத்திரை. வைக்கவே வைக்காதீர்கள். தானியக் கிடங்குகளில் வைக்கிற அந்த மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷ வாயுவை விடும், மூடிய வீட்டுக்குள் தூங்குகிறவர்களின் உயிரையே எடுத்துவிடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அது பரணில்கூட இருக்கக் கூடாது. அரிசியில் போரிக் பவுடர் கலப்பதும் தவறு.

வேப்பிலையும் வசம்பும் வெளியிலிருந்து வருகிற பூச்சியைக் கொஞ்சம் விலக்கும், ஆனால் உங்கள் வண்டு வெளியிலிருந்து வரவில்லை. பயறு வண்டு வயலிலேயே, காய் முற்றும்போதே முட்டை வைத்துவிடும். அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு வாயை அடைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் வாங்கி வந்த பையிலேயே அது இருக்கிறது, ஒரு மாதத்தில் வளர்ந்து வெளியே வருகிறது. கல்யாணமான புதிதில் நான் பத்துக் கிலோ பச்சைப்பயறை அப்படியே சாக்கில் கட்டி வைத்துவிட்டு ஆடியில் அவிழ்த்தேன், சாக்குக்குள் பாதி மாவும் பாதி ஓட்டையும்தான் இருந்தது. அன்றைக்கு அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது உள்ளே இருக்கும் முட்டையை அழிப்பது. ஒரு கிலோ, இரண்டு கிலோ பொட்டலமாகக் கட்டி நாலு நாள் பிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், பொட்டலம் அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் தானியத்தில் நீர் கோக்காது. பிரீசர் இல்லையென்றால் முழுப்பயறை உச்சி வெயிலில், சூடேறிய சிமெண்ட் தரையில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் காய வைத்து, நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வாய்வரை நிரப்புங்கள். மேலே இடம் விடாமல் நிரப்புவது முக்கியம். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைப்பதும் முழுப்பயறுக்குக் கைகண்ட வழி, எண்ணெய் பட்ட மணியில் முட்டை பிழைக்காது. அரிசியை மட்டும் வெயிலில் போடாதீர்கள், விண்டு போய் சோறு நொய்யாகும். நிழலில் உலர்த்திப் புடைத்தால் போதும்.

துவரைக்கு நம் கிராமங்களில் செம்மண் கட்டுவார்கள். சலித்த செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, முழுத்துவரையைப் போட்டுப் பிசறி, ஒரு ராத்திரி குவித்து வைத்து, பிறகு மொடமொடவென்று காய வைப்பது. மண் பூசின மணியில் வண்டு ஏறாது, உடைக்கும்போது தோலும் சுலபமாகக் கழன்றுவிடும். உங்கள் ஊர்ப் பக்கம் மண் கட்டின பருப்பு கிடைத்தால் விடாதீர்கள், ருசியே தனி.

இன்னொன்று. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு பூச்சிப் பொறி இருக்கிறது. துளைகள் போட்ட சின்னக் குழாய், அதை அரிசிக்குள் குத்தி வைத்தால் காற்றைத் தேடி வருகிற வண்டு துளை வழியாக அடியில் விழுந்துவிடும். மருந்து எதுவும் கிடையாது. மூட்டை அரிசி வைக்கிற வீட்டுக்கு அருமையான சாதனம்.

கேள்வி: பூண்டை எண்ணெயில் வதக்கி அப்படியே எண்ணெய் ஊற்றிப் பாட்டிலில் வைத்தால் எத்தனை நாள் வைக்கலாம்? போன வருடம் போட்ட மாங்காய் ஊறுகாயில் மேலே பூஞ்சை வந்தது. எண்ணெய் நிறைய ஊற்றினால் சரியாகுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எண்ணெய் கெடாமல் காக்கும் என்று நாம் நம்புவது பாதிதான் சரி. எண்ணெய் செய்வது காற்றை அடைப்பது, அதனால் பூஞ்சை வராது. ஆனால் காற்றே இல்லாத இடத்தில் வளர்கிற ஒரு கிருமி இருக்கிறது, போட்டுலினம் என்று பெயர். மண்ணிலிருந்து வருகிற பூண்டில் அதன் வித்து ஒட்டியிருக்கலாம், வதக்கினாலும் சாகாது. அது உண்டாக்கும் நஞ்சுக்கு வாசனையோ ருசியோ இல்லை, நரம்பையே முடக்கிவிடும். அந்தக் கிருமியைத் தடுப்பது புளிப்பு. புளிப்பை அளக்கும் பி.எச். எண் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. நம் பாட்டிமார்களுக்கு பி.எச். தெரியாது, ஆனால் பூண்டு ஊறுகாய் என்றால் எலுமிச்சைச் சாறோ புளியோ தாராளமாக விட்டார்கள் பாருங்கள், அதுதான் காவல். அதனால் வெறும் எண்ணெயில் பூண்டு என்றால் பிரிட்ஜில் வைத்து நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் வேண்டுமென்றால் புளி, உப்பு சேர்த்துத் தொக்காகப் போடுங்கள்.

மாங்காய்க்கு வருவோம். நறுக்கின துண்டு ஒரு கிலோவுக்கு 150 கிராமாவது கல் உப்பு வேண்டும். இப்போது எல்லோரும் உப்பைக் குறைக்கிறார்கள், குறைத்தால் அது வருட ஊறுகாய் இல்லை, பத்து நாள் பிரிட்ஜ் ஊறுகாய், அவ்வளவுதான். ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் ஊறுகாயில் உப்பைக் குறைப்பதைவிடத் தட்டில் ஊறுகாயைக் குறைப்பது நல்லது. கழுவிய மாங்காயை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, நிழலில் ஈரம் போகவிட்டு, அப்புறம் நறுக்குங்கள். ஜாடி வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டு, துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்கும்படி ஊற்றுங்கள். தினம் எடுப்பதற்குச் சின்னப் பாட்டில் தனி, பெரிய ஜாடியை மாதம் ஒருமுறைதான் திறக்க வேண்டும்.

பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை முடி முடியாக வந்திருந்தால் மேலோடு வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், வேர் உள்ளே போயிருக்கும்.

கேள்வி: 200 சதுர அடி மொட்டைமாடி இருக்கிறது. கடையில் காய் வாங்காமலே இருக்கும் அளவுக்கு விளைவிக்க முடியுமா? தளம் ஒழுகுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
– வாசகி, திருப்பூர்

பதில்: முழுக்க முடியாது. வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் இவற்றை மாடியில் போட்டுக் குடும்பத்துக்குப் போதுமளவு எடுப்பது வீண் உழைப்பு. ஆனால் கீரை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, புதினா, கத்தரி, வெண்டை, ஒரு பந்தல் பாகல் அல்லது அவரை, இவ்வளவும் அந்த இடத்தில் நிச்சயம் வரும். கீரை மட்டும் வந்தாலே பெரிய விஷயம், ஏனென்றால் வாங்கிய அன்றே வாடுவதும், மருந்து அடித்ததா என்று நாம் யோசித்து யோசித்து அலசுவதும் அதுதான். நாலு தட்டு வைத்துக்கொண்டு வாரம் ஒரு தட்டில் சிறுகீரை விதையுங்கள். முதல் தட்டைப் பிடுங்க 25 நாள் ஆகும், அப்புறம் வாராவாரம் ஒரு தட்டு உங்களுக்குத் தயார். அரைக்கீரை என்றால் பிடுங்காமல் கிள்ளிக்கொண்டே போகலாம். கடையில் வாங்கிய பொன்னாங்கண்ணி, புதினாத் தண்டையே நட்டால் போதும், விதை வேண்டாம். மணத்தக்காளி ஒன்றிரண்டு செடி அவசியம் வையுங்கள், கீரைக்குக் கீரை, பச்சைக் காயைப் பறித்து உப்புப் போட்ட புளித்த மோரில் ஊற வைத்துக் காய வைத்தால் வருடம் முழுக்க வற்றல் குழம்பு.

தளத்தின் கவலை நியாயமானது. ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள பையில் ஈரக் கலவை நிரப்பினால் 15 முதல் 20 கிலோ வரும். நாற்பது பை என்றால் கணக்குப் பாருங்கள். அதனால் வெறும் செம்மண்ணை நிரப்பாதீர்கள். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய சாணமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊற வைத்து வடித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், அதிலிருக்கும் உப்பும் துவர்ப்பும் வேரைக் கெடுக்கும். கனமான பைகளைச் சுவர் ஓரமாகவும், கீழே உத்தரம் ஓடுகிற வரிசையிலும் வையுங்கள், நடுத்தளத்தில் குவிக்காதீர்கள். பையைத் தரையில் உட்கார வைக்காமல் செங்கல் மேலோ இரும்புத் தாங்கி மேலோ வைத்தால் அடியில் தண்ணீர் ஓடிக் காய்ந்துவிடும். ஒழுகுவது பெரும்பாலும் தேங்குகிற தண்ணீரால்தான். ஏற்கெனவே விரிசல் இருக்கிற தளம் என்றால் முதலில் அதைச் சரி செய்து கொள்ளுங்கள், செடி அடுத்த வருடம் வைக்கலாம்.

தோட்டக்கலைத் துறை பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் சேர்ந்த மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் கொடுத்து வருகிறது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: கத்தரி, செம்பருத்தி எல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. என்ன மருந்து அடிப்பது?
– வாசகர், சேலம்

பதில்: முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், பாதி போய்விடும். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி. எறும்பு ஏறுகிற வழியையும் அடையுங்கள், செடிக்குச் செடி அதைத் தூக்கிக்கொண்டு போவது எறும்புதான்.

கடுமையான மருந்து வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று மாநிலம் முழுக்கப் பரவியது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்துபோனார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. உங்கள் மாடியிலும் அப்படிப்பட்ட நல்ல பூச்சிகள் வேலை செய்துகொண்டிருக்கும். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதைவிடப் பெரிதாக, வெள்ளை நூல் நூலாகத் தொங்க, வேகமாக நடக்கிற ஒன்றைப் பார்த்தால் கொன்றுவிடாதீர்கள். அது ஒரு பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்னத்தான் வந்திருக்கிறது.

கேள்வி: கூழ் வடகம் பிழிந்த அன்றைக்கே மழை. என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: துணியோடு உள்ளே தூக்கி வந்து மின்விசிறிக்குக் கீழே போட்டிருக்கலாம், ஒரு நாள் தாங்கும். இரண்டாம் நாளும் வெயில் இல்லையென்றால் புளிக்கும், வழவழப்பு வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது. பங்குனி பாதிக்கு மேல் வானத்தைப் பார்த்து, காலை ஏழு மணிக்குள் பிழிந்து முடியுங்கள், முதல் நாள் வெயில் முழுதாகக் கிடைப்பதுதான் வடகத்தின் உயிர்.

கேள்வி: தக்காளி ஒரு மாதம் பத்து ரூபாய், ஒரு மாதம் நூறு ரூபாய். மலிவாக இருக்கும்போது சேர்த்து வைக்க வழி உண்டா? விவசாயிகளிடம் நேரடியாக வாங்குவது எப்படி?
– வாசகர், மதுரை

பதில்: 2023 ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டி வந்தது நினைவிருக்கும். பத்து ரூபாய்க்கு விற்கிற மாதத்தில் பறிக்கிற கூலிகூடக் கிடைக்காமல் விவசாயி நிற்கிறார், அந்த மாதத்தில் நாம் கூட ஐந்து கிலோ வாங்கினால் இரண்டு பக்கமும் நன்மை. பழுத்ததைத் தொக்காக்கி விடுங்கள். தக்காளியின் புளிப்பு மட்டும் போதாது, சில ரகம் மேலே பூண்டுக்குச் சொன்ன அந்த பி.எச். 4.6 எல்லையை ஒட்டியே நிற்கும். ஐந்து கிலோவுக்கு ஒரு பெரிய எலுமிச்சை அளவு புளி சேர்த்து எண்ணெய் பிரிகிற வரை சுண்ட வையுங்கள், பிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான பழத்தை வில்லையாக நறுக்கி உப்புத் தூவிக் காய வைத்தால் வற்றல், சாம்பாருக்கு நாலு துண்டு போட்டால் போதும்.

நேரடியாக வாங்க உங்கள் ஊரை விட வேறு ஊர் ஏது? உழவர் சந்தை 1999-ல் முதலில் திறந்ததே மதுரை அண்ணா நகரில்தான். காலை ஆறு மணிக்குப் போங்கள். பத்து வாரம் ஒரே ஆளிடம் வாங்குங்கள், பேசுங்கள், எந்த ஊர், எந்தக் கிணறு, என்ன போடுகிறீர்கள் என்று கேளுங்கள். புளி, உளுந்து, எள் யாரிடம் நன்றாக இருக்கும் என்று அவரே சொல்லுவார். எனக்கு வருடா வருடம் மல்லி தருகிறவர் அப்படிக் கிடைத்தவர்தான்.

கேள்வி: போன வருடம் நன்றாகக் காய்த்த தக்காளியிலிருந்து விதை எடுத்துப் போட்டேன். செடி வந்தது, காய் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஏன்?
– வாசகி, தேனி

பதில்: நீங்கள் முதலில் வாங்கியது வீரிய ஒட்டு விதையாக இருக்கும். இரண்டு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கியது, அதன் பிள்ளைகள் ஒரே மாதிரி வராது. விதை எடுக்க நாட்டு ரகம்தான் வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த முறையைக் காய்கறி விதைக்கும் தெருவுக்குள்ளேயே செய்யலாம். கத்தரி, தக்காளி, அவரை இவற்றில் தொடங்குங்கள், பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், கலப்பு குறைவு. பூசணி, சுரை, பீர்க்கனில் பக்கத்து வீட்டுச் செடியோடு தேனீ கலந்துவிடும், அதைப் பிறகு பார்க்கலாம்.

செடியில் முதலில் வந்த நல்ல காய்கள் இரண்டைத் துணி கட்டி அடையாளம் வைத்து, பறிக்காமல் பழுக்க விடுங்கள். கத்தரி மஞ்சளாகும் வரை விட வேண்டும். விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, தாளில் மடித்து, ரகமும் மாதமும் எழுதி டப்பாவில் போடுங்கள். ஆடிப்பட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு பத்து விதையை ஈரத்துணியில் கட்டிப் பாருங்கள். ஏழு முளைத்தால் அந்த விதையை நம்பி விதைக்கலாம், நாலுக்குக் கீழே என்றால் பக்கத்து வீட்டில் ஒரு கை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.